படிக்குக் கீழே ஒரு நேர்காணல்

அவளுக்குக் கண்டக்டர் என்ற பெயர் பஸ்ஸில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்டது. பஸ்ஸை விட்டு வந்த பிறகும் போகவில்லை. ஒரு நாள் டிரைவர் திடீரென்று பிரேக் அடித்ததில் ஓடும் வண்டியின் படிக்கட்டிலிருந்து விழுந்தாள். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவில் பாதியைக் கொடுத்தது, கூடவே ஒரு சுவர்க்கடிகாரத்தையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி வைத்தது.

"இனிமே நான் எந்த டைமுக்கு எங்க போகப் போறேன்னு இதைக் குடுத்தானுங்க?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கடிகாரத்தைத் தெருமுனை சலூன்காரருக்குக் கொடுத்துவிட்டாள்.

கால் போனதே தவிர, குரல் போகவில்லை. கடைசி சீட்டில் தூங்குகிற ஆளை முன்வாசலில் நின்றபடியே எழுப்பிய குரல் அது. அந்தக் குரலை வைத்துத்தான் 'சமதளம்' என்ற சங்கத்தைத் தொடங்கினாள். பழைய மோட்டார் சைக்கிள் கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, பாதி இடத்தில் சக்கர நாற்காலிகளைப் பழுது பார்த்தார்கள். மீதி இடத்தில் ஒரு மேஜையும் ஒரு போனும். மாடியில் வகுப்பு வைத்ததால் படிப்பை நிறுத்திய பெண், உள்ளே நுழைய முடியாத பேங்க் வாசலில் நின்றுகொண்டு ஆள் அனுப்பிப் பென்ஷன் வாங்கும் பெரியவர், இப்படி யாராவது அந்தப் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். கண்டக்டர் அந்தப் பள்ளிக்கூடத்தையும் பேங்கையும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். பஸ் கம்பெனி மேல் ஒரு வழக்கும் நடந்துகொண்டிருந்தது.

சங்கத்தின் செயலாளர் அவளுடைய நாத்தனார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள். இரண்டு கடிதம் அடித்துக் கொடுக்கலாம் என்று வந்தாள், அப்படியே தங்கிவிட்டாள். அண்ணியும் நாத்தனாரும் தினமும் சண்டை போடுவார்கள். டீ வந்ததும் சமாதானம் ஆகிவிடுவார்கள். கண்டக்டரின் கணவர் வெல்டர். இவர்கள் தொடங்கியதும் அவர் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார், கையில் வேலை இல்லாவிட்டாலும்.

அந்த வருஷம் சங்கம் தள்ளாடிக்கொண்டிருந்தது. இரண்டு மெக்கானிக்குகளுக்கும் சம்பளம் பாக்கி. கட்டடக்காரர் வாடகையை ஏற்றப் போவதாகச் சொல்லிவிட்டார். அப்போதுதான் பெரிய அறக்கட்டளை ஒன்று, சமூக நீதிக்கும் சமத்துவத்துக்கும் வேலை செய்யும் சங்கங்களில் ஒன்றுக்கு மூன்று வருஷத்துக்கு நிதி தருவதாக அறிவித்தது. நாத்தனார் ராப்பகலாக உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினாள். நூற்றுக்கணக்கான சங்கங்களில் நான்கைத் தேர்ந்தெடுத்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். சமதளம் அதில் ஒன்று.

நேர்காணல் மூன்றாவது மாடியில் என்று கடிதத்தில் இருந்தது. நாத்தனார் உடனே போன் போட்டு, "லிஃப்ட் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு மேடம். பெரிய லிஃப்ட்டு" என்றாள் அந்தப் பக்கம் பேசிய அறக்கட்டளையின் திட்ட அதிகாரி.

பொய் சொல்லவில்லை. பெரிய லிஃப்ட்தான். ஆனால் அது கட்டடத்துக்குள்ளே இருந்தது. கட்டடத்துக்கு முன்னால் அகலமான கல் படிகள் ஏழெட்டு இருந்தன.

வெல்டர் வேனை நிறுத்தி, மனைவியை நாற்காலியில் இறக்கி உட்கார வைத்தார். மூன்று பேரும் படிகளைப் பார்த்தார்கள்.

காவலாளி ஓடி வந்தார். நல்ல மனுஷன்தான். "அம்மா, கவலையே படாதீங்க. நாங்க நாலு பேர் இருக்கோம். அலாக்காத் தூக்கிட்டுப் போயிடுறோம்."

"சோபா ஏத்துற மாதிரியா?" என்றாள் கண்டக்டர்.

"அய்யோ, பத்திரமாத் தூக்குவோம்மா."

"உங்களைக் குறை சொல்லலப்பா. ஆஸ்பத்திரியில தூக்கினாங்க, உசுரு போகுதேன்னு தூக்கினாங்க, சரி. அப்புறம் பேங்க்ல தூக்கினாங்க. அன்னிக்கு எவன் கை எங்க பட்டுச்சுன்னு எனக்குத்தான் தெரியும். இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

அதற்குள் திட்ட அதிகாரி மூச்சு வாங்க இறங்கி வந்தாள். சின்ன வயசுப் பெண். கழுத்தில் அடையாள அட்டை ஆடிக்கொண்டிருந்தது. படியைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது. தினமும் ஏறி இறங்குகிற படிதான், ஆனாலும் அன்றைக்குத்தான் முதல்தடவையாகக் கண்ணில் பட்டதுபோல நின்றாள்.

"மன்னிச்சுக்கோங்க மேடம். நான் லிஃப்ட்டை மட்டும்தான் யோசிச்சேன்... பின்னாடி ஒரு வழி இருக்கு. கேன்டீனுக்குச் சாமான் இறக்குற வழி. படி கிடையாது. கொஞ்சம் ஈரமா இருக்கும். குப்பைத் தொட்டியெல்லாம் ஓரமாத் தள்ளச் சொல்றேன்."

"உங்க தலைவர் எந்த வழியா உள்ள போவார்?"

"அவர்... முன்னாடி வழியாத்தான்."

"அப்ப நானும் முன்னாடி வழியாத்தான். ஒண்ணும் அவசரமில்ல, வெயிட் பண்றேன்."

வெல்டர் தொண்டையைச் செருமினார். "நான் வேணா பட்டறைக்குப் போயி நாற்காலி ஏத்துற நம்ம சாய்வுப் பலகையை எடுத்துட்டு வரவா? போயிட்டு வர அரைமணி நேரம்தான் ஆகும்."

"நாமளே சமைச்சு எடுத்துட்டுப் போயி, அவங்க வீட்டுல விருந்தாளியா உக்காரவா? நீங்க போயி டீ வாங்கிட்டு வாங்க."

அவர் நிம்மதியாகக் கிளம்பிவிட்டார். நாத்தனார் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"அண்ணி, இது வீம்பு."

"ஆமா, வீம்புதான். இல்லன்னு சொன்னேனா?"

"ரெண்டு பேருக்குச் சம்பளம் குடுக்கணும். நான் எத்தனை ராத்திரி உக்காந்து எழுதியிருக்கேன்? பத்து நிமிஷம், கண்ணை மூடிக்கிட்டு அந்தக் குப்பைத்தொட்டி பக்கமாப் போயிட்டு வந்துடலாம். பணம் கைக்கு வரட்டும். அப்புறமா எவ்வளவு வேணா திட்டிக்கலாம்."

"பணம் வந்த பிறகு யாரும் திட்ட மாட்டாங்க. நீயே என்னைத் திட்ட விடமாட்டே."

அது உண்மை என்பதால் நாத்தனாருக்கு இன்னும் கோபம் வந்தது. "அப்ப நான் மட்டும் போறேன்."

கண்டக்டர் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "போ. நான் தடுக்கல. ஆனா ஒண்ணு. அவங்களால வர முடியலன்னு மட்டும் சொல்லாதே. வழி விடலன்னு சொல்லு."

நாத்தனார் விறுவிறுவென்று படியேறினாள்.

மூன்றாவது மாடியில் நீளமான மேஜைக்குப் பின்னால் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அறக்கட்டளைத் தலைவர். பெரிய கம்பெனிகளை நடத்தி ஓய்வு பெற்றவர், மெதுவாகப் பேசுகிறவர். அவருக்குப் பக்கத்தில் வயதான டாக்டரம்மா ஒருவர், கைத்தடியை மேஜையில் சாய்த்து வைத்திருந்தார். மற்ற இருவரும் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அறை குளுகுளுவென்று இருந்தது.

சுவரோரம் ஆள் உயரத்துக்கு ஒரு பேனர் நின்றது. அதில் இருந்தது கண்டக்டர். பஸ் ஸ்டாப்பில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கையை உயர்த்தி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் தன் போனில் எடுத்து விண்ணப்பத்தோடு அனுப்பிய படம். கீழே கொட்டை எழுத்தில், 'யாரும் பின்தங்காத பயணம்' என்று போட்டிருந்தார்கள்.

"தலைவி வரலையா? பரவாயில்ல" என்றார் தலைவர். "அவங்க நிலைமை எங்களுக்குப் புரியுது. நீங்களே சொல்லுங்க."

"நன்றிங்க" என்று நாத்தனார் சொல்லிவிட்டாள். வாயில் வந்துவிட்டது. கணினியைத் திறந்து, வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பழகிய பேச்சைத் தொடங்கினாள். எத்தனை நாற்காலிகள் பழுது பார்த்தோம், எந்தப் பள்ளிக்கூடத்தில் வகுப்பைக் கீழே மாற்றினோம் என்று சரளமாகத்தான் போனது. பிறகு ஒரு வரி வந்தது. அவளே எழுதிய வரி. 'எங்கள் சங்கத்தில் பாதிக்கப்பட்டவர்களே முடிவெடுக்கிறார்கள், அவர்களே பேசுகிறார்கள்.'

அதைப் படித்ததும் அவள் நிறுத்திவிட்டாள்.

"தண்ணி குடிங்க" என்றார் தலைவர் கனிவாக.

அவள் குடிக்கவில்லை. பேனரைப் பார்த்தாள். பிறகு தலைவரைப் பார்த்தாள்.

"ஐயா, அவங்க நிலைமைன்னு சொன்னீங்க. அவங்க நிலைமைக்கு ஒரு குறையும் இல்ல. நல்லாத்தான் இருக்காங்க. காலையிலேர்ந்து என்னோட ரெண்டு தடவை சண்டை போட்டுட்டாங்க. உங்க வாசல் நிலைமைதான் சரியில்ல."

காகிதம் புரட்டிய இருவரும் நிமிர்ந்தார்கள்.

"பின்பக்கம் வழி இருக்குன்னு சொன்னாங்களே?" என்றார் தலைவர்.

"இருக்கு. அது வழியாக் குப்பை போகுது. படத்தை முன்வாசல் வழியாக் கொண்டுவந்து இங்க நிக்க வெச்சிருக்கீங்க. படத்துல இருக்கற ஆளைக் குப்பை வழியா வரச் சொல்றீங்க." அவள் கணினியை மூடினாள். "நான் செயலாளர்தான். கடிதம் எழுதுறவ. நீங்க கேள்வி கேக்க வேண்டிய ஆளு கீழ இருக்காங்க."

அவள் போய் ஜன்னலைத் திறக்கப் பார்த்தாள். தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடந்தது. நகம் ஒடிய இழுத்ததில் திறந்துகொண்டது. வெயிலும் ஹாரன் சத்தமும் ஒன்றாக உள்ளே வந்தன.

"அண்ணி!"

கீழே கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தினாள். "என்ன?"

"இவங்க உங்களைக் கேள்வி கேக்கணுமாம்!"

"இறங்கி வந்து கேக்கச் சொல்லு!"

தெருவில் போனவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு டாக்டரம்மா கைத்தடியை ஊன்றி ஜன்னலுக்கு வந்தார்.

"ஏம்மா, இங்கிருந்தே கேக்கட்டுமா?"

"தாராளமாக் கேளுங்க! நான் சொல்றது உங்களுக்கும் கேக்கும், பக்கத்துக் கட்டடத்துக்கும் சேர்த்துக் கேக்கும்!"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். தலைவரிடம் திரும்பி, "எனக்கு முட்டி தேஞ்சு போச்சு. உங்க படியில தினமும் மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் ஏறுறேன். வெளிய சொன்னதில்ல. வாங்க, போவோம்" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் கைத்தடியைத் தட்டிக்கொண்டு லிஃப்ட்டை நோக்கி நடந்தார். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு எழுந்தார்கள். தனியாக மேஜையில் உட்கார்ந்திருக்க முடியாமல் தலைவரும் வந்தார்.

நேர்காணல் நடைபாதையில் நடந்தது. காவலாளி டாக்டரம்மாவுக்கு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். கூரியர் பையன்கள், சாப்பாட்டுக்கு வெளியே வந்த ஆபீஸ்காரர்கள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ போனில் படம் பிடித்தார்கள். தலைவர் மட்டும் நடுப்படியிலேயே நின்றார்.

"ஐயா, அண்ணாந்து பேசி எனக்குக் கழுத்து வலிக்குது. கொஞ்சம் இறங்கி வாங்க" என்றாள் கண்டக்டர்.

அவர் தரைக்கு இறங்கினார். வெயிலில் அவர் நெற்றி பளபளத்தது. ஆனாலும் கேள்வியைச் சரியாகத்தான் கேட்டார்.

"நாற்காலி ரிப்பேர் பண்றது அருமையான சேவை. அதுக்கு நிதி குடுக்கறதுல எங்களுக்குச் சந்தேகமே இல்ல. ஆனா பஸ் கம்பெனி மேல கேஸு, பேங்க் மேல புகார்... இந்தச் சண்டையெல்லாம் எதுக்கு? சண்டை போடாம நல்லது செய்ய முடியாதா?"

"நாற்காலியை ரிப்பேர் பண்ணி வீட்டுக்குள்ள நிறுத்தி வெச்சு அழகு பாக்கவா, ஐயா? ஓட்டுறதுக்கு ரோடு வேணும். ஏறுறதுக்கு பஸ் வேணும். நுழையறதுக்கு வாசல் வேணும். சண்டை போடாம எனக்குக் கிடைச்சது ஒரே ஒரு சுவர்க்கடிகாரம்தான்."

கூட்டத்தில் ஒருவர் கை தட்டினார். மற்றவர்கள் அவரை முறைத்துவிட்டு, பிறகு அவர்களும் தட்டினார்கள்.

"நாங்க குடுக்கற பணத்தால என்ன விளைஞ்சுதுன்னு எப்படிக் காட்டுவீங்க?" என்று கேட்டார் மேஜையில் காகிதம் புரட்டிய இருவரில் ஒருவர்.

"யாரையும் கெஞ்சாம ஒருத்தர் வீட்டை விட்டுக் கிளம்பி, வேலையை முடிச்சிட்டு, அலுத்துப் போயி வீட்டுக்கு வந்தாங்கன்னா அதுதான் விளைவு. எங்காளுங்க நிறையப் பேருக்கு அலுத்துப் போற அளவுக்கு வெளிய போகவே வாய்ப்புக் கிடைச்சதில்ல. அப்புறம் இன்னொண்ணு. நீங்க நாலு பேரும் இப்பக் கீழ வந்து நிக்கிறீங்களே. இதுவும் விளைவுதான். இன்னும் நீங்க பணமே குடுக்கல."

டாக்டரம்மா ஸ்டூலில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் படியேறினார்.

வேனில் ஏறி வீட்டுக்குக் கிளம்பினார்கள். பிறகு கண்டக்டர், "ஜன்னல் பூட்டியா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"தாழ்ப்பாள் துரு. நகம் ஒடிஞ்சுடுச்சு."

"காட்டு."

நாத்தனார் கையை நீட்டினாள். கண்டக்டர் அந்த விரலை வீடு வரும்வரை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தாள்.

நடைபாதையில் எடுத்த அந்த வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது. மற்ற மூன்று சங்கங்களுக்கும் அடுத்த வாரம் நேர்காணல். அதில் ஒன்று வீட்டுவேலை செய்யும் பெண்களின் சங்கம். அவர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்து, அதே கல் படியில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களுடைய தலைவியை எல்லாரும் குள்ளக்கா என்பார்கள். குள்ளக்கா திட்ட அதிகாரியிடம், "எங்களுக்கு ஏற முடியும் கண்ணு. தினமும் எத்தனையோ மாடி ஏறித்தான் துடைக்கிறோம். ஆனா இங்க ஏற மாட்டோம்" என்று சொல்லிவிட்டாள். மற்ற இரண்டு சங்கங்களும் அதையே சொல்லின. கடைசியில் பக்கத்து நூலகத்தின் தரைத்தள அறையை எடுத்து நேர்காணலை முடித்தார்கள். பத்திரிகைக்காரர்கள் அறக்கட்டளைக்குப் போன் போட்டு வாசலைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் திட்ட அதிகாரி கூப்பிட்டாள். சமதளத்துக்கு மூன்று வருஷ நிதியும் ஒப்புதல் ஆகிவிட்டது என்றாள். டாக்டரம்மா விடாப்பிடியாக நின்றாராம். பட்டறையில் இளைய மெக்கானிக் ஒரு காலி நாற்காலியை ஒற்றைச் சக்கரத்தில் நிறுத்திச் சுற்றினான். வெல்டர் எல்லாருக்கும் டீ சொன்னார். நாத்தனார் மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ தேடுவதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் தலைவரே பட்டறைக்கு வந்தார்.

பட்டறை வாசலில் படி கிடையாது. நேராக உள்ளே வந்துவிட்டார். உட்கார வைக்க அங்கே சக்கர நாற்காலி தவிர வேறு நாற்காலி இல்லை. கைக்கு எட்டியதை இளைய மெக்கானிக் தள்ளிவிட்டான். அதற்கு இன்னும் பிரேக் மாட்டவில்லை என்று யாருக்கும் நினைவில்லை. தலைவர் உட்கார்ந்ததும் அது பின்னால் ஓடியது. நாத்தனார் பாய்ந்து பிடித்து நிறுத்தினாள். அதன் பிறகு அவர் இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டே பேசினார்.

"வாழ்த்துச் சொல்லத்தான் வந்தேன். ஒரு சின்ன உதவியும் வேணும்." ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "இதை உங்க சங்கத்துப் பேர்ல வெளியிடணும். எங்களுக்கும் ஒரு பேர் இருக்கு இல்லையா? இது வெளியானதும் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுடலாம்."

நாத்தனார் வாங்கிச் சத்தமாகப் படித்தாள். கட்டடத்துக்குள் செல்ல மாற்று வழி இருந்தது. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எங்கள் தலைவியே முடிவு செய்தார். அறக்கட்டளை எங்களை மரியாதையோடுதான் நடத்தியது. நடந்தது ஒரு புரிதல் குறைபாடு மட்டுமே.

"இதுல எது பொய்? சொல்லுங்க, மாத்திடறேன்" என்றார் தலைவர். நிஜமாகவே கேட்டார்.

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள்.

"என்னைப் பாக்காதே. செயலாளர் கையெழுத்து உன்னோடது" என்றாள் கண்டக்டர். "என் வீம்பை நான் அன்னிக்கே காட்டிட்டேன். இன்னிக்கு நீ என்ன சொன்னாலும் எனக்குச் சரி. சத்தியமா."

நாத்தனார் மெக்கானிக்குகள் பக்கம் திரும்பினாள். மூத்த மெக்கானிக் ஒரு சக்கரத்துக்குக் கம்பி கோர்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "எங்களையும் பாக்காதம்மா. சம்பளம் இல்லன்னா கஷ்டம்தான். ஆனா எங்களைச் சாக்கு வெச்சுக் கையெழுத்துப் போடாதே" என்றார்.

அவள் காகிதத்தை இன்னொரு தடவை படித்தாள்.

"இதுல பொய் ஒண்ணும் இல்ல ஐயா" என்றாள். "வழி இருந்துச்சு. அது வழியா அண்ணியை இழுத்துட்டுப் போகணும்னு சண்டை போட்டவளே நான்தான். ஆனா நாளைக்கு ஒரு பொண்ணு ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு வழி கேப்பா. பின்னாடி குப்பைத்தொட்டி பக்கமா இருக்கே, போ, உங்க சங்கமே அதுல தப்பில்லன்னு எழுதிக் குடுத்திருக்கேன்னு இந்தப் பேப்பரை எடுத்துக் காட்டுவாங்க. நீங்க காட்ட மாட்டீங்க. ஆனா காட்டுறதுக்கு ஆள் இருக்கு. எங்க காசுக்காக அவளுக்கு ஒரு படி கட்டிக் குடுக்க என்னால முடியாது."

"யோசிச்சு, ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லுங்களேன்."

"யோசிச்சுட்டேன்."

"இந்தப் பணம் வேற யாருக்காவது போயிடும்மா."

"போகட்டும். அந்த மூணு பேரும் உங்க படியில ஏறாதவங்கதானே. யாருக்குப் போனாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான்."

தலைவர் காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தார். கண்டக்டரிடம், "நீங்க சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்றார்.

"நானா? நான் சொல்றதை இவ எதைக் கேட்டிருக்கா? இவ அண்ணனைக் கேளுங்க."

வெல்டர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ரெண்டு பேருமே யார் சொல்றதையும் கேக்க மாட்டாங்க சார்" என்றார்.

தலைவரின் கார் கிளம்பியதும் நாத்தனார் பக்கத்திலிருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அதே பிரேக் இல்லாத நாற்காலி. ஓடிப் போய் ட்யூப் அடுக்கியிருந்த அலமாரியில் முட்டி நின்றது. ட்யூப்புகள் அவள் தலையில் விழுந்தன. முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவளே சிரிக்க ஆரம்பித்தாள், அப்புறம் அழுதாள், மறுபடி சிரித்தாள். அன்றைக்குச் சாயங்காலம் முழுவதும் வேலை ஓடவில்லை.

அதற்குப் பிறகு நிலைமை சுலபமாக இல்லை. வீடியோவைப் பார்த்தவர்கள் அங்கங்கே கொஞ்சம் அனுப்பினார்கள். அது மூத்த மெக்கானிக்கின் சம்பளத்துக்குச் சரியாகப் போனது. இளையவன் ஒரு பைக் ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். போகும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. பஸ் கம்பெனி வழக்கு ஒத்திப்போடப்பட்டுக்கொண்டே இருந்தது. கட்டடக்காரர் புது வாடகையைச் சொன்ன தேதிக்கு ஏற்றிவிட்டார்.

நிதி வீட்டுவேலைப் பெண்களின் சங்கத்துக்குப் போனது. அவர்களிடமும் ஒரு காகிதத்தை நீட்டிப் பார்த்தார்களாம். குள்ளக்கா, "எங்களுக்கு யாருக்கும் இவ்வளவு நீளமாப் படிக்க நேரமில்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். அதற்குள் பத்திரிகைகளின் கேள்வி பெருத்துவிட்டிருந்தது. மூன்றாவது சங்கத்திடம் போய்க் காகிதம் நீட்ட அறக்கட்டளைக்குத் தைரியம் இல்லை. பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

குள்ளக்கா அந்த வாரமே பட்டறைக்கு வந்தாள். சுற்றிலும் பார்த்தாள்.

"காலி பண்றீங்களாமே?"

"மாசக் கடைசிக்குள்ள" என்றாள் நாத்தனார்.

"எங்க ஹாலுக்குப் பின்னாடி பெரிய ஷெட்டு ஒண்ணு சும்மாக் கிடக்கு. வாடகை வேணாம். ஆனா எங்க வாசல்ல ஒரு படி இருக்கு. அதுக்கு உங்க அண்ணன் ஒரு சாய்வு போட்டுக் குடுக்கணும். எங்கள்ல பாதிப் பேருக்கு முட்டி போயாச்சு. இத்தனை நாளா அந்தப் படியைப் பத்தி எங்களுக்கே தோணல, பாருங்களேன்."

"சும்மா இடம் வாங்கிக்க மாட்டோம்" என்றாள் கண்டக்டர்.

"சும்மா எங்க குடுக்கறேன்? உங்க வாய் எங்களுக்கு வேணும். ஒரு வீட்டுக்காரி எங்க பொண்ணு ஒருத்தி மேல திருட்டுப் பழி போட்டுச் சம்பளத்தை நிறுத்திட்டா. நாளைக்கு அந்த வீட்டு வாசலுக்கு வரணும்."

"வாசல்ல படி இருக்கா?"

"நாலு."

"அப்ப ரோட்டுலேர்ந்தே கத்துறேன். பரவாயில்லையா?"

"அதுதான் வேணும்" என்றாள் குள்ளக்கா.

பட்டறையை மாற்றிய நாளில் வேன் படுத்துவிட்டது. பழுது பார்த்ததும் பார்க்காததுமாக நாற்பதுக்கு மேல் நாற்காலிகள் கிடந்தன. சங்கத்து ஆட்கள் தங்கள் நாற்காலிகளில் வந்தார்கள். வீட்டுவேலைப் பெண்கள் காலி நாற்காலிகளை ஆளுக்கு ஒன்றாகத் தள்ளிக்கொண்டார்கள். ஷோரூம் போன இளைய மெக்கானிக்கும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, கருவிப்பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டான். திட்ட அதிகாரிப் பெண் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நாத்தனார் அவளிடம் இரண்டு சக்கரங்களைக் கொடுத்து உருட்டிக்கொண்டு வரச் சொன்னாள். வாசலிலிருந்து எல்லாரும் நேராக மெயின் ரோட்டுக்கு வந்தார்கள்.

சிக்னலுக்குப் பக்கத்தில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைக் காட்டி மறித்தார். "என்னம்மா இது? நடைபாதையில போங்க. ரோட்டை மறிக்காதீங்க."

"ஏறுறோம் சார்" என்றாள் கண்டக்டர். "எந்த இடத்துல ஏறணும்னு மட்டும் காட்டுங்க."

அவர் இந்தப் பக்கம் பார்த்தார். நடைபாதை முழங்கால் உயரத்துக்கு இருந்தது. அந்தப் பக்கம் பார்த்தார். நடுவில் ஒரு மின்பெட்டி, அதைச் சுற்றிப் பைக்குகள். கொஞ்ச தூரம் நடந்துபோய்க்கூடப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு விசிலை வாயில் வைத்து, நடுரோட்டில் நின்று, இரண்டு பக்கத்து வண்டிகளையும் நிறுத்தினார்.

பின்னால் நின்ற பஸ்ஸின் டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். கண்டக்டர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நாத்தனார் திரும்பினாள். இரண்டு கையிலும் மடக்கிய நாற்காலிகளோடு பஸ்ஸுக்கு நேர் முன்னால் போய் நின்றாள்.

"கொஞ்சம் பொறுங்கப்பா! நாங்களும் போகணும்."

ஹாரன் நின்றது. அவள் நாற்காலிகளைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல், நடுரோட்டிலேயே நடந்தாள்.